எதிர்மனுதாரர் எண் ஒன்று

ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளைத் தேய்த்து மடிக்கிற சலவைக்கூடத்தில் அவளுக்கு இருபத்தோரு வருஷ வேலை. அங்கே இருக்கிற பிரஸ் மிஷினுக்குக் கையைவிட வலது கால்தான் முக்கியம். மிதித்தால் மேல்தகடு ஆவியோடு இறங்கும், விட்டால் ஏறும். நாளெல்லாம் மிதித்து உரமேறிய கால். அந்தக் காலின் முட்டிதான் அண்ணன் ஓட்டின காரில் நொறுங்கிப் போனது.

அண்ணன் என்றால் ஒன்றுவிட்டது, சித்தப்பா பெரியப்பா வழி எல்லாம் இல்லை. கூடப் பிறந்தவன். அம்மா போன பிறகு அவளுக்குத் தலை வாரிவிட்டவன். எந்நேரமும் தன் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு திரிந்தவளுக்கு ‘வாலு’ என்று பேர் வைத்தவனும் அவன்தான். அவளுக்குக் கல்யாணமாகி, அவள் மகளுக்குப் பிள்ளை பிறந்த பிறகும், “ஏய் வாலு, வாடி” என்றுதான் வாசலில் நின்று கூப்பிடுவான்.

“மச்சான், பாட்டி ஆயிட்டா. இன்னுமா வாலு?” என்று அவள் வீட்டுக்காரர் ஒரு தடவை கேட்டார்.

“பாட்டியானா வாலு அறுந்துடுமா மாப்ள?” என்றான் அண்ணன்.

அன்றைக்குப் பெரிய அக்காவின் மாமியாருக்கு உடம்பு சரியில்லை என்று பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். முன் சீட்டில் இவள். அந்த மாமியார் படுத்த படுக்கையிலும் அதிகாரம் பண்ணியதை மூக்கால் பேசிக் காட்டினாள். “அண்ணே, என் மூஞ்சியைப் பாரேன், உதட்டை இப்படித்தானே வெச்சுக்கிட்டாங்க?” என்று அவன் தோளைத் தட்டினாள். அவன் திரும்பிப் பார்த்து வயிறு குலுங்கச் சிரித்தான். முன்னால் ஒரு லாரி நின்றுகொண்டிருந்தது.

அவனுக்கு நெற்றியில் நாலு தையல். அவளுக்கு முட்டியில் இரண்டு ஆபரேஷன். பதினோரு நாள் ஆஸ்பத்திரி பெஞ்சிலேயே கிடந்தான் அண்ணன். அந்தச் சிரிப்பைப் பற்றி அவனும் பேசவில்லை, அவளும் யாரிடமும் மூச்சு விடவில்லை.

ஊனம் நாற்பது சதவீதம் என்று டாக்டர்கள் எழுதிக் கொடுத்ததும் வீட்டுக்காரர் அவளை வக்கீலிடம் அழைத்துப் போனார். காரை ஓட்டினவர்மேல் தப்பு என்று எழுதினால்தான் இன்சூரன்ஸ் கம்பெனி கொடுக்கும் என்றார் வக்கீல்.

“எங்க அண்ணனாச்சே, சார்.”

“பேருக்குத்தாம்மா அவர். அவர் கையிலேர்ந்து ஒண்ணும் போகாது. முன்கூட்டியே அவர் காதுல போட்டு வெச்சுடுங்க.”

போட்டிருக்கலாம். போன் பக்கத்திலேயே இருந்தது. இதைப் போய் போனிலா சொல்வது, ஞாயிற்றுக்கிழமை வருவான், நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை வந்தவன் அவள் காலைப் பிடித்துக்கொண்டு வராந்தாவில் நாலு நடை நடக்க வைத்தான். அந்த நேரத்தில் எப்படிச் சொல்வது என்று வாயை மூடிக்கொண்டாள். அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள். அதற்குள் புதன்கிழமையே தபால்காரர் அண்ணன் கையில் கோர்ட்டு நோட்டீசைக் கொடுத்துவிட்டார்.

அண்ணிதான் போன் பண்ணினாள். “அதிவேகமா, அஜாக்கிரதையா ஓட்டினார்னு போட்டிருக்காம். எதிர்மனுதாரர் எண் ஒண்ணு இவராம், ரெண்டுதான் இன்சூரன்சாம். கம்பெனிக்கு முன்னாடி என்னை நிறுத்திட்டாளேன்னு அந்தக் காகிதத்தையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கார்.”

“அண்ணன்கிட்ட குடுங்க அண்ணி.”

கொஞ்சம் பொறுத்து, “குளிக்கிறாராம்” என்றாள் அண்ணி.

அந்த வாரம் எப்போது கூப்பிட்டாலும் அண்ணன் குளித்துக்கொண்டே இருந்தான். கடைசியில் அண்ணிக்கே சங்கடமாகிவிட்டது. “ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே அவளைத் தூக்கிட்டுப் போய் கேஸ் போட வெச்சிருப்பேனேன்னு சொல்றாரும்மா. நான் என்ன பண்ணட்டும்?”

இரண்டு வருஷம் வாய்தா வாய்தாவாகப் போனது. சாட்சிக் கூண்டில் அவளை நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். கடைசி பெஞ்சில் அண்ணன். கம்பெனி வக்கீல் மெதுவாகத்தான் கேட்டார். “ஓட்டிக்கிட்டிருந்தவர்கிட்ட நீங்க ஏதாவது பேச்சு குடுத்தீங்களா?”

ஆமாம் என்றால் அண்ணன்மேல் இருக்கிற பழியில் பாதியாவது இறங்கும். ஆனால் நஷ்டஈடும் அதோடு குறையும். மிதியை மிதிக்க முடியாத காலோடு மிச்ச வருஷங்களை ஓட்டவேண்டும்.

“இல்லைங்க. நான் ஜன்னல் பக்கம் பாத்துக்கிட்டு இருந்தேன்.”

அடுத்த வாய்தாவில் அண்ணனையும் கூப்பிட்டு அதையே திருப்பித் திருப்பிக் கேட்டார்கள். “கூட வந்தவங்க உங்களைத் திரும்பிப் பாக்க வெச்சாங்க, சரிதானே?”

உண்மையைச் சொல்லியிருந்தால் அந்த நிமிஷமே அவன் பாரம் குறைந்திருக்கும்.

“இல்லைங்க. அவங்க ஜன்னல் பக்கம் பாத்துக்கிட்டு இருந்தாங்க. தப்பு என்னோடது.”

அவள் சொன்ன பொய்யை ஓர் எழுத்து பிசகாமல் எடுத்துச் சொன்னான். ‘அவங்க’ என்றது கோர்ட்டு மரியாதை என்று நினைத்துக்கொண்டாள். வெளியே வந்து, ஊன்றுகோலோடு மாடிப்படியில் தடுமாறினபோது பின்னாலிருந்து அவன் குரல் கேட்டது. “பாத்து இறங்குங்க.”

தனக்கு முன்னால் யாராவது பெரியவர்கள் இறங்குகிறார்களோ என்று பார்த்தாள். படியில் அவளைத் தவிர ஒருவரும் இல்லை.

தீர்ப்பு அவள் பக்கம் வந்தது. சலவைக்கூடத்தில் இப்போது உட்கார்ந்து மடிக்கிற மேஜைக்கு மாற்றிவிட்டார்கள். பழைய மிஷினை வேறொருத்தி மிதிக்கிறாள்.

போன மாதம் அவளாகவே அண்ணன் வீட்டுக்குப் போனாள். கதவைத் திறந்தவன் ஒதுங்கி வழிவிட்டான். “வாங்க” என்றான். நெற்றியில் தையல் தழும்பு வெளுத்துக் கிடந்தது.

“அண்ணே, நான்தானே அன்னிக்கு உன்னைச் சிரிக்க வெச்சேன். கோர்ட்டுல நான்...”

“அதெல்லாம் முடிஞ்சு போச்சுங்க.”

அவளை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, உள்ளே போய் ஒரு முக்காலியும் தலையணையும் எடுத்து வந்தான். குனிந்து, அவளுடைய வலது காலை இரண்டு கையாலும் தூக்கி, வலிக்காமல் அதன்மேல் வைத்தான். வாலு என்று ஒரு தரம் சொல்லமாட்டானா என்று அவன் உச்சந்தலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சௌகரியமா இருக்குங்களா?” என்று கேட்டான் அண்ணன்.