வசந்தா அக்கா மட்டும் இன்னும் முடிக்கவில்லை

வசந்தா அக்கா போய்விட்டார். காலையில் ஊரப்பாக்கம் ஸ்டேஷனில் ரயிலுக்கு நிற்கும்போது ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பில் செய்தி வந்தது. மாரடைப்பாம்...

அழுகை வர வேண்டிய நேரத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்தில் நின்றவர் ஒரு மாதிரி பார்த்தார்.

திருமுடிவாக்கத்தில் எங்கள் கம்பெனியில் அக்கா பேக்கிங் செக்‌ஷன். நான் டிரெய்னிங் மேனேஜர். பாதிப் பாடம் மொபைலில், மீதி வகுப்பில் என்று 'பிளெண்டட் லேர்னிங்' கொண்டுவந்தேன். மூன்று மாதத்தில் பலன் தெரியாவிட்டால் டிரெய்னிங் டிபார்ட்மென்டே வேண்டாம் என்று எம்.டி. சொல்லிவிட்டார்.

முதல் வாரமே பாதுகாப்புப் பாடத்தில் ஷிஃப்டில் முப்பது பேரும் நூற்றுக்கு நூறு. வசந்தா அக்கா மட்டும் தொடவே இல்லை. எம்.டி.யிடம் காலரைத் தூக்கிக்கொண்டு போய்க் காட்டினேன்.

மறுநாள் வகுப்பு. மெஷினில் ஏதாவது சிக்கினால் முதலில் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன். நூறு வாங்கியவர்கள் எல்லோரும் ஃபேனைப் பார்த்தார்கள்.

கடைசி வரிசையிலிருந்து அக்கா சொன்னார்: "மெயின் சுவிட்ச ஆஃப் பண்ணி, பூட்டு போட்டு, சாவிய பாக்கெட்ல வெச்சிக்கணும். அப்பாலதான் கை வெக்கணும் சார்."

சந்தேகப்பட்டு மதியம் கேண்டீனுக்குப் போனேன். அக்கா முன்னால் வரிசையாக போன்கள். ஒவ்வொன்றிலும் பேக்கிங் லேபிள் ஒட்டி, பெயர் எழுதி... அடுத்த பாடத்தை எல்லோருக்கும் அவரே முடித்துக்கொண்டிருந்தார்.

"இன்னா பண்றது சார், அவுங்களுக்கு டைம் இல்லன்னாங்க. எனக்கு இது நல்லா கீது."

கோபத்தில் மெமோ டைப் செய்ய உட்கார்ந்தேன். வேலையும் போச்சு, மானமும் போச்சு என்று பயம். பாதி மெமோவில்தான் உறைத்தது... இந்தப் பாடத்தை முப்பது தடவை படித்த ஒரே ஆள் இவர்தான்.

மெமோவை அழித்தேன். அடுத்த வகுப்பை அக்காவையே எடுக்கச் சொன்னேன்.

"யோவ் குமாரு, ஒம் பரிச்சைய நாந்தான எழுதினேன். இப்ப நீ சொல்லு பாக்கலாம்."

குமார் தலையைச் சொறிந்தார். வகுப்பே குலுங்கியது. கதவோரம் நின்ற எம்.டி.யும் சிரித்துவிட்டார். டிபார்ட்மென்ட் தப்பித்தது.

அக்காவின் ஐ.டி. கார்டில் 'டிரெய்னர்' என்று வந்த வாரம், ஞாயிற்றுக்கிழமை தாம்பரம் மார்க்கெட்டுக்கும் அதை மாட்டிக்கொண்டு போனார். நானே பார்த்தேன். கத்திரிக்காய் பேரம் பேசும்போதுகூட கார்டு நேராக இருக்கிறதா என்று சரிசெய்துகொண்டார்.

ஊருக்கெல்லாம் முடித்துக்கொடுத்தவர் தன் பாடத்தைக் கடைசிவரை தொடவில்லை. முடிக்காதவர்களுக்கு மாதாமாதம் ஒன்றாம் தேதி டிரெய்னிங் போர்ட்டலிலிருந்து ரிமைண்டர் தானாகப் போகும். கேட்டால், "எனக்குத்தான் தெரியுமே சார், இன்னா அவசரம்" என்பார்.

இப்போது போர்ட்டலைத் திறந்தேன். வசந்தா... தொடங்கவில்லை. பெயரை நீக்கச் சொல்லி எச்.ஆரிலிருந்து மெயில் வந்திருக்கிறது. எனக்கு மனசு வரவில்லை. நீக்கப்போவதும் இல்லை.

ஒன்றாம் தேதி ரிமைண்டர் வரும், அக்கா. வழக்கம்போல கண்டுகொள்ளாதீர்கள்.