டார்ச் சார் எழுதிய ‘ஆமாம்’

லிஃப்ட் பரிசோதகருக்கு மற்றவர்கள் வைத்த பெயர் டார்ச் சார். பால் பாக்கெட்டின் தேதியைக்கூட டார்ச் அடித்துப் பார்த்துத்தான் வாங்குவார். கேளுங்கள் கூத்தை: உரிமத்தைப் புதுப்பிக்கச் சொல்லி வந்த மூன்று குறுஞ்செய்திகளையும் மோசடி என்று அழித்துவிட்டார். உரிமம் காலாவதியானது தெரியவே பதினோரு நாள் ஆயிற்று. அதற்குள் ஒரு மருத்துவமனை லிஃப்டைச் சோதித்துச் சான்றிதழில் கையெழுத்தும் போட்டிருந்தார்.

உரிமத்தைத் திரும்பப் பெறும் விண்ணப்பத்தில் ஏழாவது கேள்வி அதுதான்: காலாவதியான பிறகு வேலை பார்த்தீர்களா? ஆமாம் என்றால் உரிமமே ஒரேயடியாகப் பறிபோகலாம். இருபத்திரண்டு வருஷமாக இதைத் தவிர வேறு பிழைப்பு தெரியாத மனிதர்.

“இல்லைன்னு எழுதுங்க சார். எல்லாரும் அப்படித்தான் எழுதுவாங்க,” என்றார் உரிம அலுவலகக் குமாஸ்தா.

முன்பின் தெரியாதவனுக்கு என் மேல் என்ன இவ்வளவு கரிசனம்? டார்ச் சார் கூரையில் கேமரா இருக்கிறதா என்று அண்ணாந்து பார்த்துவிட்டு, படிவத்தோடு வீட்டுக்கு வந்தார்.

மனைவி முழுவதையும் கேட்டாள். “குமாஸ்தா கிடக்கட்டுங்க. அந்த லிஃப்ட்ல ஸ்ட்ரெச்சர்ல ஆளுங்க போறாங்க. உங்க கையெழுத்து செல்லாதுன்னா, லிஃப்டை யாருமே சோதிக்கலைன்னுதானே அர்த்தம்?”

அவருக்குச் சுருக்கென்றது. மறுநாள் ‘ஆமாம்’ என்று எழுதிக் கொடுத்தார்.

அதிகாரி படிவத்தையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். “இதுல ஆமாம்னு எழுதின முதல் ஆள் நீங்கதான். வேற எதை மறைக்கிறீங்க?”

“ஒண்ணுமில்ல சார்.”

“ஒண்ணுமில்லன்னு சொல்றவங்களைத்தான் நான் நம்புறதே இல்ல.”

எத்தனை கட்டட மேலாளர்களிடம் டார்ச் சார் இதே வார்த்தையைச் சொல்லியிருப்பார்! தன் காதில் விழும்போது உடம்பு கூசியது.

அந்த லிஃப்டை வேறொரு பரிசோதகர் மறுபடி சோதிக்க உத்தரவானது. வந்த பெண் இவர் முகத்தையே பார்க்கவில்லை. இவர் இரண்டு மணி நேரம் கீழே கால் மாற்றி நின்றார். நான் கோட்டைவிட்டது ஏதாவது இருக்குமோ? வேண்டுமென்றே எதையாவது எழுதிவிடுவாளோ?

அவள் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். “கயிறு, பிரேக், கதவு, எல்லாமே நீங்க எழுதின அளவுதான் சார்.”

“இனிமேலாவது என்னை நம்புறீங்களாம்மா?”

“நம்பல சார். அளந்தேன்.”

டார்ச் சாருக்குக் கண் கலங்கிவிட்டது. பதினைந்து நாளில் அவருக்கு நிம்மதி தந்த ஒரே பேச்சு அதுதான்.

எச்சரிக்கைக் கடிதத்தோடு உரிமம் கைக்கு வந்தது. அதிகாரியின் எதிரிலேயே முத்திரையின் மேல் டார்ச் அடித்துப் பார்த்தார். அதிகாரி மேஜை விளக்கையும் அவர் பக்கம் திருப்பி வைத்தார்.