தேவானை தின்னாத கிழங்கு

நொச்சிக்குப்பத்தில் மீன் விற்கும் தேவானைக்கு ஐம்பத்தொரு வயது. கணவன் குப்பன் படகில் விழுந்து முதுகொடிந்து படுத்ததிலிருந்து ஐஸ் போட்ட பெட்டியை அவளேதான் தூக்கி இறக்குகிறாள். தோள் திரண்டது அப்படித்தான். முட்டி தேய்ந்ததும் அப்படித்தான்.

பொங்கல் கழிந்து ஒருவன் வந்து அவள் பெட்டி தூக்குவதைப் போனில் வீடியோ எடுத்துப் போனான். அவளும் சிரித்தபடி நின்றாள்.

சாந்தோமிலிருந்து வாரம் தவறாமல் மீன் வாங்க வரும் ஆனி டீச்சரைக் கொஞ்ச நாளாகக் காணோம். திரும்ப வந்த அன்று மீன் பக்கமே பார்க்கவில்லை.

“நீ சொன்னேன்னுதான் தேவானை, எங்க வீட்டுக்காரர் சுகர் மாத்திரையை நிறுத்திட்டார்.”

“நான் இன்னா சொன்னேன்?”

டீச்சர் போனைக் காட்டினார். அதில் ஓடிய வீடியோவில் தேவானை பெட்டியைத் தூக்க, யாரோ ஒரு பெண்ணின் குரல் பேசியது: ‘எனக்கு அறுபத்தெட்டு வயசு. அமுக்கரா கிழங்குப் பொடியைப் பால்ல கலந்து குடிக்கிறேன். சுகர் மாத்திரையெல்லாம் தூக்கிப் போட்டுட்டேன்.’ அதை நம்பிய டீச்சரின் கணவர் மரியதாஸ், சர்க்கரை ஏறி நினைவு தப்பி, இப்போது ஆஸ்பத்திரியில் கிடக்கிறார்.

தேவானை பெட்டியைப் பக்கத்துக் கடை புஷ்பத்திடம் விட்டுவிட்டு, மீன் வாடையோடு அப்படியே ஆட்டோ ஏறினாள். வீடியோவின் கடைசியில் முகவரி போட்டிருந்த பொடிக் கடை மேற்கு மாம்பலத்தில் இருந்தது.

“கிழங்கு நல்ல கிழங்கும்மா” என்றான் கடைக்காரன் கணேசமூர்த்தி. “அசதி போகும், நல்லாத் தூக்கம் வரும்.”

“கிழங்க நான் குத்தம் சொல்லல. மாத்திரைய தூக்கிப் போடச் சொன்னது யாரு? நானா?”

“விளம்பரம்னா கொஞ்சம் அப்படி இப்படித்தான்” என்று ரெண்டு பொடி டப்பாவைச் சும்மா வைத்துக்கொள்ளச் சொல்லி அவள் பக்கம் நகர்த்தினான்.

அவள் தள்ளிய தள்ளில் டப்பாக்கள் உருண்டன. பொடி வாங்க நின்றவர்கள் பக்கம் திரும்பினாள். “அந்த வீடியோல கீறது நாந்தான். இந்தப் பொடிய கண்ணால பாக்குறதே இன்னிக்குத்தான். முட்டி வலிக்கு ஆஸ்பத்திரி மாத்திரைதான் முழுங்கிக்கினு கீறேன்.”

இருவர் நழுவினார்கள். ஒருத்தி மட்டும், “அப்போ முட்டி வலிக்கு இது கேக்காதா?” என்று கடைக்காரனைக் கேட்டாள். அதில் தேவானைக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

தன் கண்ணெதிரே அவன் வீடியோவை அழித்த பிறகுதான் படி இறங்கினாள். அதற்குள் அது எத்தனை போனில் ஏறியிருந்ததோ.

நேரே ஆஸ்பத்திரிக்குப் போனாள். மரியதாஸ் கண் விழித்திருந்தார். “அது உன் குரல் மாதிரி இல்லையேன்னு அப்பவே தோணுச்சும்மா” என்றார் ஈனமாக.

“தோணிச்சுல்ல? என்னாண்ட வந்து ஒரு வார்த்த கேட்டா இன்னா சார்? வாராவாரம் உங்க வூட்டுக்கு மீன் குடுக்கறவதானே?”

நர்ஸ் வந்து சத்தம் போடாதீங்க என்றாள். தேவானை நிறுத்தவில்லை. ஆனி டீச்சரும் தடுக்கவில்லை.