ஜீப்பின் பழைய மைல்கள்

பட்டப்படிப்பை முடித்து நான் சமூக நலப் பணியில் சேர்ந்த அறுபதுகளின் பிற்பகுதியில், அந்தமானில் எங்கள் குடியேற்றத்துக்கென்று ஒரே ஒரு அரசு ஜீப் இருந்தது. விதைநெல், அரிசி, நோயாளி, பிணம் எல்லாம் அதில்தான் போயின. போர்ட் பிளேயர் மருத்துவமனைக்குச் செல்லும் மலைப்பாதையில் எங்களுக்கு வேறு வண்டி கிடையாது.

உப்புக்காற்று அதன் டேஷ்போர்டை அரித்துவிட்டிருந்தது. வெப்பம் காட்டும் முள் அசையாது; எண்ணெய் அழுத்தம் காட்டும் முள் உடைந்து கண்ணாடிக்கு அடியில் கிடந்தது. ஏற்றத்தில் எஞ்சின் கொதித்து நின்ற பிறகுதான் ஓட்டுநருக்கே விஷயம் தெரியவரும். பலமுறை எழுதிக் கேட்டபின், எல்லா முட்களும் கொண்ட புதிய மீட்டர் பலகை மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வந்தது. ஓட்டுநரும் நானும் அதை ஃபீனிக்ஸ் பே துறைமுகத்தில் பெற்றுக்கொண்டு, டெலானிபூர் சரிவில் பட்டறை வைத்திருந்த மெக்கானிக்கிடம் சென்றோம்.

புதிய பலகையில் மைல் எண்கள் அனைத்தும் பூஜ்யம். பழையதில் ஜீப் ஓடிய மொத்த மைலும் இருந்தது. பதிவேடுகளின் பக்கங்கள் ஈரத்தில் ஒட்டிப்போகும் ஊரில், பார்வையிட வரும் அதிகாரிகள் கண்ணாடிக்குப் பின்னால் தெரியும் எண்ணையே நம்பினார்கள். எண் ஒரு வரம்பைத் தாண்டினால் வண்டி கண்டம், அதாவது ஓட்டத் தகுதியற்றது என்று இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள். மாற்று வண்டி எந்தக் கப்பலில் வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. எங்கள் ஜீப் அந்த வரம்பைத் தொட்டுக்கொண்டு நின்றது.

பழைய எண் சக்கரங்களைக் கழற்றிப் புதிய மீட்டருக்குள் வைக்க வேண்டும் என்றார் ஓட்டுநர். மெக்கானிக் தூத்துக்குடிப் பக்கத்துக் கத்தோலிக்கர், சிரித்துவிட்டார்.

"ஊர்ல எல்லாரும் வயசக் குறைக்கச் சொல்லுவான். நீ ஒருத்தன்தான் வே, ஒன் வண்டிக்கு வயசக் கூட்டச் சொல்லுத."

"கூட்ட வேணாம்ணே. உள்ளது இருக்கட்டும்."

ஓட்டுநர் அப்படிச் சொன்னதன் காரணம் எனக்குத் தெரியும். அவருடைய நண்பர் ஒருவர் இதே தீவில் லாரி ஓட்டினார். அந்த லாரிக்கும் இப்படித்தான் புது மீட்டர் போட்டார்கள். இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் இரண்டு கூலியாட்கள் இறந்தபோது, விசாரணைக்கு வந்தவர் மீட்டரைப் பார்த்து வண்டி புதியது என்று எழுதினார். குற்றம் அந்த நண்பர் தலையில் விழுந்தது. வேலை இழந்த அந்த மனிதரைக் கப்பலேற்றிவிடப் போனவர் எங்கள் ஓட்டுநர்தான்.

ஆனால் குடியேற்றத்தில் ஒரு பெண் ஏழு மாதக் கர்ப்பமாக இருந்தாள். முதல் குழந்தை வீட்டிலேயே பிறந்து இறந்திருந்தது. இந்தப் பிரசவம் மருத்துவமனையில்தான் நடக்க வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். மீட்டர் பற்றிய பேச்சு அவள் காதுக்கும் எட்டியிருந்தது. நாங்கள் கிளம்பிய காலையில் அவள் என்னிடம் ஒன்றுதான் கேட்டாள்.

"வண்டிய எடுத்துட்டுப் போயிட்டா நான் எதுலம்மா போவேன்?"

பட்டறையில் அதை ஓட்டுநரிடம் நினைவூட்டினேன். அவர் கோபப்படவில்லை.

"அந்தப் புள்ளையவும் இதுலதானேம்மா ஏத்தப்போறேன். பிரேக்கு மிதிக்க மிதிக்க உள்ள போகுது. எழுதிக் குடுத்தா, மைல் நம்பர் இன்னும் வரம்புக்கு வரலைங்கிறான். அந்த நம்பரையும் அழிச்சுட்டா எவன் கேப்பான்?"

உடனடித் தேவையும் பின்னால் வரக்கூடிய ஆபத்தும் எதிரெதிராக நின்றன. ஓட்டுபவரின் சொல்லை மீறுவதற்கு எனக்கு உரிமை இல்லை என்று முடிவு செய்தேன்.

மெக்கானிக் கரி அடுப்பில் பற்றவைக்கும் செப்புக் கோலைச் சூடாக்கினார். எண் சக்கரங்களைத் தாங்கும் அச்சின் முனை ஈயத்தால் பற்றவைக்கப்பட்டிருந்தது. ஈயம் உருகியதும் அச்சை உருவி, எண்கள் புரளாதபடி சக்கரங்களை நூலால் கட்டினார். புதிய மீட்டரிலிருந்த பூஜ்யங்களை எடுத்துவிட்டு, இவற்றை அந்த இடத்தில் பொருத்தி மறுபடி ஈயம் வைத்தார். திரும்பும் வழியில் எல்லா முட்களும் அசைந்தன. எண்ணும் வரம்பைக் கடந்தது.

அடுத்த ஆய்விலேயே ஜீப்பைக் கண்டம் செய்து இழுத்துச் சென்றார்கள். மாற்று வண்டி கேட்டு நான் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினேன். கடல் கொந்தளிப்பால் கப்பல் தாமதம் என்றார்கள். எட்டாம் மாத முடிவில் அந்தக் கர்ப்பிணியைப் போர்ட் பிளேயருக்கு அழைத்துச் சென்று, டெய்ரி ஃபார்ம் பகுதியில் எனக்குத் தெரிந்த குடும்பத்தில் தங்கவைக்க ஏற்பாடு செய்திருந்தேன். வலி அதற்கு முன்பே வந்துவிட்டது.

விடாத மழை. கயிற்றுக் கட்டிலை மூங்கிலில் கட்டி ஆண்கள் மாற்றி மாற்றிச் சுமந்தார்கள். ஓட்டுநர் மட்டும் தோள் மாற்றிக்கொள்ளவே இல்லை. அட்டைகள் கால்களில் ஏறிக்கொண்டிருந்தன. நான் தார்ப்பாயைப் பிடித்தபடி அவள் பக்கத்தில் நடந்தேன். பாதி வழியில், ஜீப் வழக்கமாகக் கொதித்து நிற்கும் ஏற்றத்தில், குழந்தை பிறந்தது. அழவில்லை. அவளுடைய கணவன் ஓட்டுநரைப் பார்த்துச் சொன்னான்:

"ஒங்க நம்பரு பத்திரமா இருக்கா அண்ணே?"

ஓட்டுநர் மூங்கிலைத் தோளுக்கு ஏற்றினார். தாயையாவது காப்பாற்ற வேண்டியிருந்தது. அவள் பிழைத்தாள்.

சில வாரங்களுக்குப்பின் ஓட்டுநர் என்னைத் தேடி வந்தார். கண்டம் வண்டியை யார்டில் பிரித்திருந்தார்கள். பிரேக்குக் குழாய் தொட்டதும் பொடிந்து கையோடு வந்ததாம். அந்தச் சரிவுகளில் இன்னும் எத்தனை முறை அது தாங்கியிருக்கும் என்று யாருக்கும் தெரியாது. அந்தத் தம்பதியிடம் இதை நான் எடுத்துச் சொல்லட்டுமா என்று கேட்டேன். அவர் செய்தது சரிதான் என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

"வேணாம்மா," என்றார். "அதக் கேட்டு அவங்க என்ன பண்ணுவாங்க?"

நான் சொல்லவில்லை. மழை ஓய்ந்தபின் புதிய ஜீப் வந்தது. அந்தப் பெண் தலையில் காய்கறிக் கூடையோடு சந்தைக்கு நடக்கும் நாட்களில், ஓட்டுநர் அவள் பக்கத்தில் வண்டியை நிறுத்துவார். அவள் ஏறமாட்டாள். அவளை முன்னால் நடக்கவிட்டு, வளைவில் மறையும்வரை எஞ்சினை ஓடவிட்டபடி நிற்பார். அதன்பிறகே கியரைப் போடுவார்.