சுவரில் வளர்ந்த பவளம்

மலைநாட்டில், லிந்துலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிள்ளைக் காம்பரா டீச்சராக இருக்கிறேன். கொழுந்து எடுக்கப் போகும் தாய்மார் காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்கு முன்னால் பிள்ளைகளை என்னிடம் விட்டுவிட்டு ஓடுவார்கள். எல்லாம் மூன்று, நான்கு வயதுக் குஞ்சுகள். அந்த ஐப்பசியில் மழை விட்டபாடில்லை. வெளியே விளையாட வழியில்லாமல் ஒன்றையொன்று கடிக்க ஆரம்பித்தன. அப்போதுதான் கடலைக் கையில் எடுத்தேன்.

நான் கடலைப் பார்த்ததே ஒரு தடவைதான், கடலோரப் பாறைமேல் இருக்கும் கோணேசர் கோயிலுக்குப் போனபோது, அதுவும் மேலே நின்று. ஆனாலும் போனில் படம் காட்டிப் பவளப்பாறையைப் பற்றி அளந்தேன். அது வெறும் கல் இல்லை, பொடிப்பொடி உயிர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டிய வீடு என்றேன்.

"நம்ம லயம் மாதிரியா டீச்சர்?" என்றாள் ஒரு சிறுமி. ஒரே கூரையின் கீழ் வரிசையாக ஒட்டிய வீடுகள்தான் லயம். லேசுப்பட்டவள் இல்லை. என்னையே குறுக்கு விசாரணை செய்பவள்.

ஆமாம் என்றேன். நண்டும் கோமாளி மீனும் அதில் குடியிருக்கும், பவளம் மட்டும் நம் விரல் நகத்தைவிட மெதுவாக வளரும் என்றேன். வாயைக் கொடுத்தால் இந்தப் பிள்ளைகளிடம் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும் என்பது அப்போது நினைவில்லை.

பின்சுவரில், கூரையிலிருந்து கிளை பிரிந்து இறங்கிய வெடிப்பு ஒன்று இருந்தது. பழைய கட்டடம், நான் தொட்டிலில் கிடந்ததும் அங்கேதான். பிள்ளைகள் அதைப் பவளம் என்று முடிவு கட்டிவிட்டன. கலர் சோக்கால் சுற்றிலும் மீன் வரைந்தன. வெடிப்பு முடிகிற இடத்துக்குக் கீழே அந்தச் சிறுமி ஓர் ஆமை வரைந்தாள். பார்க்க எனக்கே பெருமையாக இருந்தது.

மறுநாள் காலை அவள் என் சேலையைப் பிடித்து இழுத்தாள்.

"நீங்க பொய் சொல்லிட்டீங்க டீச்சர். பவளம் ஒரே ராத்திரில வளந்துருச்சு."

போய்ப் பார்த்தேன். வெடிப்பு ஆமையை இரண்டாகப் பிளந்துகொண்டு தரைவரை இறங்கியிருந்தது. விரலை வைத்தேன், உள்ளே போனது. ஈர மண் ஒட்டிக்கொண்டு வந்தது. சுவருக்குப் பின்னால் செங்குத்தான மண்மேடு, அதன் தலையில் தேயிலை மலை.

மலை வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு அய்யாவுக்குப் போன் போட்டேன்.

"மழைக்குச் செவுரு வெடிக்காம சிரிக்குமா டீச்சர்? வெயில் வரட்டும், பூசிருவோம்."

"அதுவரைக்கும் நீங்க வந்து இந்தச் செவுத்தோரமா ஒக்காந்திருங்க அய்யா," என்றேன். போனை வைத்துவிட்டார்.

அதற்கு மேல் யாரிடமும் கேட்கவில்லை. "மீன் கூட்டம் கெளம்புது, கைய விட்றாதீங்க," என்று சொல்லி, மழையோடு மழையாக, ஆற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கம் சமதரையில் இருக்கும் மாரியம்மன் கோயிலுக்கு எல்லோரையும் நடத்திக்கொண்டு போனேன். தலைகளை எண்ணி, நம்பிக்கையில்லாமல் மறுபடியும் எண்ணினேன். தலை துவட்டிவிட்ட பிறகு, "அது கெட்ட பவளம். இனிமே அங்க போகக்கூடாது," என்றேன்.

சிறுமி யோசித்தாள். "அப்ப எங்க வீட்ல இருக்கிறது?"

"எங்கம்மா?"

"அம்மா படுக்கிற எடத்துக்கு மேல. இதவிடப் பெருசு."

"எங்க வீட்லயும் இருக்கு டீச்சர்!" என்றான் இன்னொருவன். பிறகு போட்டி போட்டுக்கொண்டு கைகள் உயர்ந்தன. அவர்கள் லயம் அதே மேட்டின் அடியில்தான் இருக்கிறது. யார் வீட்டுப் பவளம் பெரியது என்று சண்டை வந்துவிட்டது.

சாயங்காலம் தாய்மார் தேடிக்கொண்டு கோயிலுக்கு வந்தார்கள். மேடு சரியலாம், இன்றிரவு லயத்துக்குப் போகாதீர்கள் என்று ஒவ்வொருத்தியிடமும் சொன்னேன். சிறுமியின் அம்மா இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கின் சேற்றைக் கழுவிக்கொண்டே கேட்டாள்.

"எல்லாம் தெரியும் டீச்சர். மழ விடுறவரைக்கும் கோயில்லயா குடியிருக்க முடியும்? எங்க போகச் சொல்றீங்க?"

மழை வலுத்துக்கொண்டிருந்தது. அவள் பிள்ளையை இடுப்பில் வைத்துச் சாக்கால் மூடிக்கொண்டு, லயத்துக்குப் போகும் பாதையில் இறங்கினாள். மற்றவர்களும் பின்னாலேயே போனார்கள்.