டெனர் சாமி

ஜெர்மனியில் ஓபரா பாடுகிறேன் என்றால் எங்கள் ஊரில் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அது சரி, வேல என்ன பாக்குறீக?" என்பார்கள். ஓபரா என்பது முழுக்கப் பாட்டாலேயே நடக்கும் நாடகம். அதில் ஆண் குரல்களில் உச்சத்துக்கு ஏறுகிறவன் டெனர். பன்னிரண்டு வருடம் கூட்டத்தோடு கூட்டமாகக் கோரஸ் பாடிய பிறகு எனக்கென்று ஒரு வேடம் கிடைத்தது. கிடைத்த கையோடு தொண்டையில் ஒரு கட்டியும் வந்தது.

ஆபரேஷன் முடிந்ததும், இரண்டு வாரம் ஒரு வார்த்தை பேசக்கூடாது என்றார் டாக்டர். பதினைந்தாம் நாள் காலையில் வாயை மூடியபடி 'ம்' என்று மெதுவாக இழுத்துப் பார்க்க வேண்டும். சுத்தமாக வந்தால் வேடம் எனக்கு. கரகரத்தால் வேறொருவனுக்கு. அங்கேயே இருந்தால் யாரிடமாவது பேசித் தொலைப்பேன் என்று பயந்து, லோயர் கேம்ப் பக்கம் திராட்சைத் தோட்டம் வைத்திருக்கும் அக்கா வீட்டுக்கு வந்து சேர்ந்தேன்.

அது கார்த்திகை மாதம். சபரிமலை வண்டிகள் வாசல் வழியாகவே போகும். ஒத்திகைக்குக் கறுப்பு உடைதான் என்பதால் என் பெட்டியில் இருந்ததெல்லாம் கறுப்புச் சட்டை. சவரம் செய்யவும் சோம்பல். பேச்சும் கிடையாது. மூன்றாம் நாளே நான் மௌன விரதம் இருக்கும் சாமி ஆகிவிட்டேன். மாலை எங்கே என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை, கழுத்தில் சுற்றியிருந்த மப்ளருக்குள் இருக்கும் என்று நினைத்திருப்பார்கள். அக்கா எடுத்துச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சின்ன வயதில் நான் வாயாடியதற்கெல்லாம் சேர்த்துப் பழி தீர்த்துக்கொண்டிருந்தாள்.

தோட்டத்துக்கு வேலைக்கு வரும் ஒரு அம்மா மட்டும் என்னை விடுவதாக இல்லை. அவருடைய மகள் நர்ஸ் வேலைக்குப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருந்தாள். மௌனம் கலைக்கும் சாமியின் முதல் வாக்கு பலிக்கும் என்று அவருக்கு நம்பிக்கை. தொண்டையில் ஆபரேஷன் என்று போனில் எழுதிக் காட்டினேன். தனக்கு எழுத்து தெரியாது என்று சொல்லிவிட்டு, போனை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

பதினைந்தாம் நாள் விடிந்ததும் திராட்சைப் பந்தலுக்குக் கீழே போய் நின்றேன். இந்த நாற்பது வயதில் பாடுவதைத் தவிர எனக்கு எந்த வேலையும் தெரியாது. மூச்சை இழுத்தபோது அந்த அம்மா எதிரே வந்து கைகூப்பி நின்றார்.

"எம் மக பாஸாயிருவாளா சாமி?"

"ம்ம்ம்..."

கரகரப்பே இல்லை.

"நெசமாவா?"

நான் அடுத்த ஸ்வரத்துக்கு ஏறிக்கொண்டிருந்தேன். "ம்ம்ம்..." அதுவும் சுத்தமாக நின்றது. இன்னும் ஒரு படி ஏறினேன். அதுவும் உடையவில்லை.

சாமி ரெண்டு மூணு தரம் 'ம்' சொல்லிட்டாக என்று அந்த அம்மா அழ ஆரம்பித்தார். அவருக்கு வாக்குக் கொடுக்க நான் யார் என்று வெட்கமாக இருந்தது. ஆனால் அந்த நிமிடம், அவர் மகள் பாஸாகிவிடுவாள் என்று நானும் முழுசாக நம்பினேன். என் கண்ணும் நிறைந்து வழிந்தது.

அழுகைச் சத்தம் கேட்டு அக்கா ஓடி வந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் அவளுக்குக் கேலி எல்லாம் போய்விட்டது. எதுவும் கேட்கப் பயந்து அப்படியே நின்றாள்.

"வந்திருச்சுக்கா" என்றேன்.