கடையநல்லூருக்கு நான் அனுப்பாத கேசட்டுகள்

1986 ஜூலையில், குற்றாலத்தில் சாரல் பிடித்துவிட்டது, உடனே புறப்பட்டு வா என்று செண்பகம் கார்டு போட்டிருந்தாள். என்னோடு பி.எட். படித்தவள், தென்காசியில் ஒரு பெண்கள் பள்ளியில் ஆங்கில ஆசிரியை. நான் மதுரையில் அறிவியல் டீச்சர். வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டு, காலை ஆறு மணி பஸ்ஸைப் பிடித்தேன். ராஜபாளையம், புளியங்குடி வழியாக நூற்றறுபது கிலோமீட்டர். பத்தே முக்காலுக்குத் தென்காசி.

அன்று மத்தியானமே ஐந்தருவி. குற்றாலம் வரை டவுன் பஸ், அங்கிருந்து ஐந்து கிலோமீட்டர். தண்ணீர் முதுகில் அறைந்த அறையில், பள்ளிக்கூடமே மறந்துபோனது. (மறக்கத்தானே போயிருந்தேன்.)

மறுநாள் பழைய அருவி என்று நினைத்திருந்தேன். செண்பகமோ கடையநல்லூருக்குக் கூட்டிப்போனாள். பதினேழு கிலோமீட்டர், நாற்பது நிமிடம். அவளிடம் படித்த நூர்ஜஹானின் வீடு அங்கே. அம்மா பக்கவாதத்தில் விழ, அத்தா என்று அவள் கூப்பிடும் அப்பா துபாயில் இருக்க, பத்தாம் வகுப்பில் பாதியில் நின்றவள்.

அத்தா கடிதம் எழுதமாட்டாராம். கேசட்டில் பேசி அனுப்புவாராம். அதைக் கேள்விப்பட்டதும் செண்பகம் தன் வகுப்புப் பாடங்களைப் பதிந்து வாராவாரம் கொண்டுவந்து கொடுத்தாள். தமிழ், கணக்கு, வரலாறு டீச்சர்களும் பேசிக் கொடுத்தார்கள். அறிவியல் டீச்சர் மட்டும் முடியாது என்றுவிட்டார்.

"நீ சயன்ஸை மட்டும் பேசிக் குடுட்டீ. நாலு கேசட் போதும்," என்றாள் செண்பகம்.

டீச்சர் முகத்தைப் பார்க்காமல் படிப்பு எப்படி வரும் என்று கேட்டேன். அம்மாவுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்த நூர்ஜஹான் திரும்பிப் பார்த்தாள்.

"வகுப்புல ஒருதரம்தான் சொல்லுவீங்க டீச்சர். புரியலன்னு எந்திரிச்சுக் கேக்கப் பயமா இருக்கும். இதுல பத்துதரம் போட்டாலும் திட்டாது."

செண்பகம் கொடுத்த நான்கு காலி கேசட்டுகளையும் வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினேன்.

நான் பேசவே இல்லை. நேரமில்லை என்று செண்பகத்துக்கு எழுதினேன், அது பொய். என் பாடத்தை வேறு டீச்சர்கள் கேட்டுவிடுவார்களோ, தப்புக் கண்டுபிடிப்பார்களோ என்ற பயம்தான். பொங்கலுக்கு வந்த என் தம்பி, பீரோவில் கிடந்த கேசட்டுகளில் சினிமாப் பாட்டுப் பதிந்துகொண்டான். நான் தடுக்கவில்லை.

நூர்ஜஹான் தனித்தேர்வராகப் பரீட்சை எழுதினாள். நான்கு பாடத்தில் தேறினாள். அறிவியலில் முப்பத்தைந்து வேண்டும், வாங்கியது இருபத்தொன்பது. அக்டோபரில் திரும்ப எழுதச் சொல், இந்தத் தடவை நானே பேசி அனுப்புகிறேன் என்று செண்பகத்துக்கு எழுதினேன். அவளுக்குக் கல்யாணம் முடிந்துவிட்டது, இனி வேண்டாம் என்று ஒரே வரியில் பதில் வந்தது. அதற்குப் பிறகு சாரலுக்கு வா என்று அவள் என்னைக் கூப்பிடவில்லை.

குற்றாலம் போகிறவர்களுக்கு: ஆடியில் போங்கள், சனி, ஞாயிறு வேண்டாம், கூட்டம் தாங்காது. ஐந்தருவிக்குக் காலை ஆறுக்குள் போய்விடுங்கள். மாற்றுத்துணியைப் பாலிதீன் பையில் கட்டிக்கொள்ளுங்கள்.

ஆசிரியர்களுக்கு: வகுப்புக்குள் எந்தக் கருவி வந்தாலும், நம் தப்பு வெளியே தெரிந்துவிடுமோ என்றுதான் முதலில் பார்க்கிறோம். நானும் அப்படித்தான் பார்த்தேன். பேசிக் கொடுங்கள் என்று ஒரு பிள்ளை கேட்டால், அன்றைக்கே பேசிக் கொடுத்துவிடுங்கள். தப்பாகப் பேசினால் அழித்துவிட்டுத் திரும்பப் பேசலாம்.